கோவிந்தா என்று கத்தி எடுத்த படம்

1

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சப்போட்டா மரத்துக்கு வந்த கருடனை நான் போட்டோ எடுத்துவிட்டேன். வெள்ளைத் தலை, செங்கல் நிறத்தில் உடம்பு, அலகில் ஒரு சுள்ளி, இரண்டு இறக்கையும் விரிந்தபடி. என் போனில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வெளியூரில் இருப்பவர்கள் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று நம் ஊர்த் திருவிழாவுக்குப் போடுகிற நோம்பி மலருக்கு வருஷா வருஷம் கேட்கிறீர்கள். நான் எழுதினதில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் என்ன எழுதுவது என்று ஒரு கூச்சம். துபாயில் இருப்பவர்களும் சிங்கப்பூரில் இருப்பவர்களும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் இருப்பது மைசூரில். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பம் மலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, சாமராஜநகர் தாண்டினால் வந்துவிடும் ஊர். இதில் எழுத என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இந்த வருஷம் இருக்கிறது.

2

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் குரலும் தெரியும். அதாவது, தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிக்கும்போது நான் சொல்கிற "உள்ளேன் ஐயா" எனக்கு மட்டும்தான் கேட்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பல நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன்.

கல்யாணமாகி நஞ்சன்கூடுக்கு வந்தேன். அவருக்கு அங்கே பாக்டரியில் வேலை. மலைக்கு இந்தப்பக்கம் வந்ததும் இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போய்விட்டது. கன்னடம் காதுக்கு வந்தது, வாய்க்கு வரவில்லை. தப்பாகப் பேசிவிட்டால் சிரிப்பார்களே என்று பேசாமலே இருந்துவிட்டேன். தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்குவதென்றால் விரலைக் காட்டுவேன். விலை ஜாஸ்தி என்றால் தலையை ஆட்டுவேன். பூக்காரர்கள் என்னை ஊமை என்றே நினைத்து, பாவம் என்று ஒரு முழம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் திருத்தவில்லை.

பிறகு மைசூர் விஜயநகரில் சைட் வாங்கி வீடு கட்டினோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகன் மணி, மருமகள் சுமா, பேத்தி தீக்ஷா, நான். சுமா இந்த ஊர்ப் பெண். என்னோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டாள். நல்லவள். மணி தமிழ் பேசுவான், எழுத வராது. தீக்ஷாவுக்குப் பேசவும் சரியாக வராது. நான் தமிழில் கேட்டால் அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள். என்னை அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவாள். "அப்பத்தான்னு கூப்புடு கண்ணு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் லென்த் ஆயித்து அஜ்ஜி" என்று, நீளமாகிவிட்டதாம், போய்விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் நாலு மரமும் கொஞ்சம் கனகாம்பரமும் வைத்திருக்கிறேன். தோட்டம் என்று சொல்லிக்கொள்வோம். சப்போட்டா மரத்தில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து போயிற்று. அங்கேதான் கருடன் வந்தார்.

3

கார்த்திகை மாதம். காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். குழந்தை சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம். சன்னலில் பார்த்தால், காய்ந்த கிளையில் கருடன்! வானத்தில் வட்டம் போடுகிற கருடனைப் பார்த்திருக்கிறோம். இவ்வளவு கிட்டத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு சுள்ளியைக் காலால் மிதித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. இன்னொன்றை அலகால் இழுத்தார், அது வளைந்தது, விட்டுவிட்டார். விறகு பொறுக்கப் போகிற பொம்பளை மாதிரி நிதானமாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றைப் படக்கென்று ஒடித்துத் தூக்கிக்கொண்டு போனார். எங்கேயோ கூடு கட்டுகிறார் என்று புரிந்தது.

நான் அவ்வளவு நேரமும் கைகூப்பி நின்றேன். கருடனைக் கண்டால் கும்பிட்டு, கோவிந்தா சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததும் தெரியவில்லை, கேஸ் வந்துகொண்டே இருந்ததும் தெரியவில்லை. சுமா ஓடிவந்து சிலிண்டரை மூடினாள்.

"ஏனாய்த்து, என்னாச்சு அத்தே? வாசனை வரலியா உங்களுக்கு?"

"கருடன் வந்துச்சு அம்மிணி. சப்போட்டால குச்சி ஒடிச்சுட்டுப் போகுது. கும்புட்டுட்டு இருந்தேன்."

சுமா மணியைப் பார்த்தாள். மணி சுமாவைப் பார்த்தான். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன்.

"பருந்தா இருக்கும்மா," என்றான் மணி. "கோழிக் கடை மேல சுத்துதே, அது."

"பருந்து எனக்குத் தெரியாதா? இது வெள்ளத் தலை."

"சரிம்மா, சரி."

அந்த "சரிம்மா" எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற சரி அது. மறுநாள் காலையில் அடுப்பு லைட்டரைக் காணோம். சுமாதான் மேல் அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். "நான் பண்றேன் அத்தே, நீங்க ரெஸ்ட் எடுங்க." எனக்கு அது ரெஸ்ட் இல்லை. காலையில் எழுந்து முதல் காபி போடுவது நான். அது போனால் இந்த வீட்டில் நான் யார்?

கருடன் மறுபடி இரண்டு தடவை வந்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டேன். நான் கூப்பிடுகிற குரல் மாடிக்குக் கேட்பதற்குள் அவர் சுள்ளியோடு போய்விட்டார். அவர்கள் வந்து வெறும் கிளையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மார்கழியில் ஞாபகசக்தி பார்க்கிற இடத்துக்கு மணி கூட்டிப்போனான். ஒரு சின்னப் பெண் எதிரே உட்கார்ந்து கன்னடத்தில் கேள்வி கேட்டாள். மூன்று வார்த்தை சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு சொல்லுங்கள் என்றாள். சேபு, மேஜு, நாண்யா. ஆப்பிள், மேசை, காசு. இது என்ன மாதம் என்றாள். எனக்கு வாயில் மார்கழி என்றுதான் வந்தது. அவளுக்கு விளங்கவில்லை. "ஆ? ஜோராகி ஹேளி," என்றாள், சத்தமாகச் சொல்லச் சொல்லி. சத்தமாகச் சொல்லச் சொன்னாலே எனக்கு இருக்கிற குரலும் போய்விடும். அந்த மூன்று வார்த்தையும் உள்ளே பத்திரமாக இருந்தன. உதட்டில் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

மணி அவளிடம் தனியாகச் சொன்னது எனக்குக் கேட்டது. காது எனக்கு நன்றாகக் கேட்கும். "தோட்டத்துக்கு கருடா வரும்னு சொல்றாங்க." அவள் அதையும் எழுதிக்கொண்டாள். தை பிறந்ததும் பெரிய டாக்டரைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

காரில் வரும்போது நான் முடிவு பண்ணினேன். தை பிறந்து அந்த டாக்டரிடம் போவதற்குள் கருடனைப் படம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் என்ன சொன்னாலும் இனி "சரிம்மா"தான்.

4

சுமாவின் பழைய போன் என்னிடம் இருக்கிறது. நல்ல போன். ஊரில் இருக்கிற தங்கச்சியோடு வீடியோவில் பேசுவதற்காகக் கொடுத்தாள். படம் எடுக்கவும் தெரியும், வட்டத்தை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வந்தார். போனைத் தூக்கினேன். சன்னலுக்கு நேராகப் பிடித்தேன். அடுத்தது என்ன நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன. போன் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, தண்ணீர் இல்லை.

அடுத்த தடவை பெருமாளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். முதலில் படம், பிறகு கும்பிடு, கோவித்துக்கொள்ளக் கூடாது என்று. அவர் வந்து இறக்கையை மடக்கினாரோ இல்லையோ, வலது கை போனை விட்டுவிட்டுக் கன்னத்துக்குப் போய்விட்டது. இடது கை என்னத்தையோ அமுக்கிற்று. தீக்ஷா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அஜ்ஜி, இது உன் ஹெப்பெட்டு."

என் கட்டைவிரல். ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தது.

பார்த்தால்தானே கை கூம்புகிறது, பார்க்காமலே எடுத்துவிடலாம் என்று ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தேன். துணி காயப்போடுகிற கொடியும் மணியின் பனியனும் வந்தன. அதை மணியே பார்த்தான். "என்னம்மா, என்ற பனியனை எதுக்கு போட்டோ எடுத்திருக்கிறே?" என்று கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான். படம் எடுக்க எடுக்க என் பைத்தியத்துக்கு நானே சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

கருடன் வந்தால் கைகூப்பச் சொல்லி எங்கள் அம்மா பழக்கினது நடக்கத் தெரிந்த வயதில். சாகிற வயதில் அதை நிறுத்தச் சொன்னால் கை எப்படிக் கேட்கும்?

5

சங்கராந்தி வந்தது. இங்கே அன்றைக்கு எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து வீடு வீடாகப் போய்க் கொடுப்பார்கள், புதுச் சேலை கட்டிக்கொண்டு. எல்லாரும் ஒன்றாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றான் மணி. எடுப்பதற்கு ஆள் இல்லை. அவன் போனிலும் சுமா போனிலும் சார்ஜ் இல்லை. சுமா என் போனை வாங்கி, அதில் எதையோ மாற்றிவிட்டு, கரும்புக்கட்டின் மேல் சாய்த்து வைத்தாள்.

"எல்லாரும் ஜோரா கத்தணும். அப்போ தன்னால எடுக்கும்."

"சங்கராந்தி ஹப்பா!" என்று மூன்று பேரும் கத்தினார்கள், சங்கராந்திப் பண்டிகை என்று. போன் 'டிக்' என்றது. யார் கையும் படவில்லை. படத்தில் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் என் கண்ணைப் பாருங்கள், அந்தப் படத்தில் அது எப்படி விரிந்திருக்கிறது!

கையால் தொடாமல் படம். சத்தம் போட்டால் போதும். கை பாட்டுக்குக் கும்பிடட்டும்.

"சுமா, இதை மாத்தாதே அம்மிணி. இப்படியே இருக்கட்டும்," என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளும் அப்போது என்னை ரொம்பக் கேள்வி கேட்பதில்லை.

மறுநாள் போனைச் சமையலறைச் சன்னல் கம்பியில் தலைமுடி ரிப்பனால் கட்டினேன். காய்ந்த கிளை நடுவில் வருகிற மாதிரி வைத்தேன். "கோவிந்தா" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். போன் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாத்தியார் மாதிரியே இருந்தது. அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது. 'டிக்'. தெருவில் கீரைக்காரம்மா "சொப்போ... சொப்பு!" என்று கூவிக்கொண்டு போனாள். 'டிக்'. குக்கருக்கு இருக்கிற தொண்டை எனக்கு இல்லை.

பழக ஆரம்பித்தேன். மணியும் சுமாவும் வேலைக்கும் தீக்ஷா பள்ளிக்கும் போன பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கீரைக்காரம்மா குரல் கொடுக்கும்போது நானும் உள்ளே இருந்து கத்துவேன். அவள் சொப்பு என்றால் நான் கோவிந்தா. முதலில் இருமல்தான் வந்தது. தொண்டையில் இருந்து கத்தினால் எட்டாது, வயிற்றில் இருந்து கத்த வேண்டும் என்று தானாகத் தெரிந்தது. ஒருநாள் கீரைக்காரம்மா கூவவே இல்லை, அவள் அன்றைக்கு வரவில்லை. நான் தனியாகக் கத்தினேன். 'டிக்' என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

6

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அடுத்த நாள் டாக்டரிடம் போக வேண்டும். மணி ஹாலில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தான், பாத்ரூமில் வெளிச்சம் போதாது என்று. சுமா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

சிணுங்கல் கேட்டது.

தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் கை போய்விடும் என்று தெரியுமே. குனிந்தபடியே சன்னல் கம்பியில் கட்டியிருந்த போனிடம் போய், கேமராவைத் தொட்டுத் திறந்தேன். திரையில் கிளை தெரிந்தது. கிளையில் செங்கல் நிறம் தெரிந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தேன்.

அவர் ஒரு பெரிய சுள்ளியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கை இரண்டும் கூம்பின. கூம்பட்டும் என்று விட்டேன். 'படக்'கென்று சுள்ளி ஒடிந்தது.

"கோவிந்தா!"

என் வயிற்றில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. சுமா கையில் இருந்த தோசைத் திருப்பி எகிறி விழுந்தது. கருடன் திடுக்கிட்டு இரண்டு இறக்கையையும் விரித்தார். 'டிக்'. பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. மணி ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"அம்மா! விழுந்துட்டியா? எங்கே பட்டுது?"

"எங்கேயும் படலே. போனைப் பாரு."

"சுமா, தண்ணி கொண்டா. உக்காரும்மா, நீ முதல்ல உக்காரு."

"உக்கார மாட்டேன். போனைப் பாருடா!"

மகனை 'டா' போட்டு அதட்டினது அதுதான் முதல் தடவை. அவன் போனைக் கழற்றிப் பார்த்தான். நுரை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. படத்தை விரலால் பெரிதாக்கினான். தலையைப் பெரிதாக்கினான், வெள்ளை. முதுகைப் பெரிதாக்கினான், செங்கல். அலகில் சுள்ளி, ஒடிந்த முனைகூடத் தெரிந்தது.

சுமா அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அய்யோ, கருடா!" என்றாள். அவள் கையும் கூம்பிக்கொண்டது. போனைப் பார்த்துக் கும்பிட்டாள். தோசை கருகுகிற வாசனை வந்தது. யாரும் அசையவில்லை.

"தோசை தீயுது அம்மிணி," என்றேன் நான்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்து, "அத்தே, நானும் பர்ன் பண்ணிட்டேன்," என்றாள். மேல் அலமாரியில் இருந்து லைட்டரை எடுத்து மேடையில் வைத்தாள். அடுத்த தோசையை நான் வார்த்தேன்.

மதில் மேலாகப் பக்கத்து வீட்டம்மா தலையை நீட்டினார். "ஏனாய்த்தும்மா? யாரு கூகிதரு?" யார் கத்தியது என்று.

"நானு," என்றேன். "நானே கூகிதரு." இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசின முதல் கன்னட வாக்கியம். 'கூகிதே' என்று சொல்ல வேண்டுமாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவருக்கு விளங்கியது.

7

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டாம் என்றான் மணி. போய்த்தான் ஆக வேண்டும் என்றேன் நான். அங்கே எனக்குப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்களே, அதை அப்படியே விட்டுவிட்டு வருவதா?

பெரிய டாக்டர் நடுத்தர வயதுக்காரர். என்னை உட்காரச் சொல்லி, பழைய தாளைப் புரட்டினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "சேபு. மேஜு. நாண்யா."

அவர் நிமிர்ந்தார். "ஏனு?"

"போன மாசம் கேட்டது. அப்பவே ஞாபகம் இருந்துச்சு. இன்னைக்கி தை மாசம், திங்கக்கிழமை. இங்கிலீஷ்ல ஜனவரி." மணி கன்னடத்தில் எடுத்துச் சொல்ல வாயெடுத்தான். தமிழ் தெரியும், வேண்டாம் என்று அவர் கை காட்டினார். என் குரல் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். பிறகு போனை மேசை மேல் வைத்தேன். தாளில் 'கருடா' என்று எழுதியிருந்த இடத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மறுபடி எல்லாக் கேள்வியும் முறையாகக் கேட்டார், சும்மா விட்டுவிடவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தாளில் அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். புறப்படும்போது, அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்ப முடியுமா, தன் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று மணியிடம் கேட்டார்.

"என்னைக் கேளுங்கோ," என்றேன். "எடுத்தது நானு." கேட்டார். அனுப்பச் சொன்னேன்.

அந்த வாரமே சுமா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தாள். பூஜை அறையில் மாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, நான் கட்டின கனகாம்பரத்தையே போட்டாள். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டம்மா வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு, மார்க்கெட்டில் எந்தக் கடையில் வாங்கினீர்கள், தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். கூட வந்திருந்த அவர் நாத்தனாரும் அதையே கேட்டார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் போனதும் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ஏனு அத்தே? வேற எடத்துல மாட்டணுமா?"

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். பேர் எழுதணும்."

மணி தயங்கினான். "சாமி படம்மா. அதுல போய் ஆள் பேர் எழுதுவாங்களா?"

"எழுதலாம்," என்றேன்.

"இல்லேம்மா, பார்க்கறவங்க என்ன..."

"எழுதலாம்னு சொன்னேன்."

மாடியில் இருந்து தீக்ஷா இறங்கி வந்துவிட்டாள், என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு. விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய்த் தடித்த பேனா ஒன்று கொண்டுவந்து நீட்டினாள். இந்த வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்ணாடியின் அடியில், இறக்கை மேல் படாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

'எடுத்தது: ராமாத்தாள்.'

தீக்ஷா எழுத்தின் கீழே விரலை வைத்துக்கொண்டு, "படிச்சுக் காட்டு அஜ்ஜி," என்றாள். வாசல்வரைக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டினேன்.